இருநூத்திப் பத்தொம்போது சொன்ன ‘ஒண்ணுமில்ல’

“பொய் சொல்லுதுன்னு நான் சொல்லல அண்ணாச்சி. ஒண்ணுமில்லன்னு சொல்லுது. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

“ஒண்ணுமில்லன்னா சந்தோசம்தானம்மா? டீயக் குடி. ஆறிப் போவுது.”

“வாயே மூடாத டேங்க்கு அது. ஏத்தின நாள்லேர்ந்து வெயில் பின்னுது சிஸ்டர், கப்பல் ஆட்டுது சிஸ்டர்னு என் உயிர வாங்கிட்டு இருந்துச்சு. இன்னைக்குக் காலைலேர்ந்து ஒரு குறை இல்ல. ‘ஒண்ணுமில்ல சிஸ்டர், நீங்க மத்தவங்களப் பாருங்க’ங்குது. எங்கப்பா அட்டாக் வந்த அன்னைக்கு இப்படித்தான் சொன்னாரு.”

சங்கரபாண்டியன் அண்ணாச்சி டீய ஒரு உறிஞ்சு உறிஞ்சினாரு. அவருக்கு யார்டு பொறுப்பு. டேங்க்க நிரப்பி, மூடி, சீல் வெச்சு கப்பலுக்கு அனுப்புறது அவரு. அனுப்பினதுக்கு அப்புறம் அது என்ன சொல்லுதுன்னு கேக்குறது இமெல்டா.

ஆமா, கேக்குறதுதான் இமெல்டா மச்சாதுவோட வேலை. தூத்துக்குடி ஹார்பர் ரோட்டுல ஒரு கெமிக்கல் ஏத்துமதி ஆபீஸு. அதோட ரெண்டாவது மாடில ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்து, கடல்ல போற டேங்க்குங்க பேசுறத நாள்பூரா கேக்கணும். கவர்மென்ட் பேப்பர்ல பதவி பேரு ‘கேட்பாளர்’. ஊருக்குள்ள ‘டேங்க் நர்ஸு’. டேங்க்குன்னதும் மொட்டை மாடித் தண்ணி டேங்க்க நெனைக்காதீங்க. கன்டெய்னர் சைஸுக்கு ஒரு இரும்புச் சட்டம், அதுக்குள்ள படுக்க வெச்ச உருளை, உருளைக்குள்ள இருபது டன் கெமிக்கல். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேச்சுப்பொட்டி. உள்ள என்ன நடக்குதோ அத மனுசன் மாதிரி வாய் விட்டுச் சொல்லும்.

இப்ப பிரச்சனை பண்ற, இல்ல, பிரச்சனை பண்ணாம இருக்கிற டேங்க்கோட நம்பர் 219. ‘வெண்சங்கு’ங்கிற கப்பல்ல, மினிக்காய் தீவு தாண்டி மேற்க போய்ட்டு இருக்கு. கப்பல்ல இருபத்திரண்டு பேரு.

இமெல்டா மறுபடி ஹெட்போன மாட்டினா.

“219, இப்ப உடம்பு எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கேன் சிஸ்டர்.”

“சூடு எவ்ளோ?”

“முப்பத்திமூணு.”

“வெளில நிழல்லயே முப்பத்தஞ்சு அடிக்குது. உனக்கு மட்டும் எப்படிப்பா முப்பத்திமூணு?”

ரெண்டு செகண்ட் சத்தமே இல்ல. ஒரு டேங்க் ரெண்டு செகண்ட் யோசிக்கிறதுங்கிறது மனுசன் ரெண்டு நாள் யோசிக்கிற மாதிரி.

“லேசா புழுக்கம். அவ்ளோதான். நீங்க சாப்டீங்களா?”

இமெல்டா ஹெட்போனக் கழட்டிட்டா. “அண்ணாச்சி, அது என்னையச் சாப்டியான்னு கேக்குது.”

“மரியாதையுள்ள டேங்க்கு. நம்ம ஆபீஸுல ஒருத்தனும் கேக்கலைல்லா?”

அவ சிரிக்கல. பக்கத்து டேங்க் 220-ஐக் கூப்பிட்டுப் பேசினா. அது கடுப்பா இருந்துச்சு.

“பக்கத்து பெட்டுக்காரரு ராத்திரி பூரா முனகுறாரு சிஸ்டர். தூங்க விடமாட்டேங்குறாரு.”

டேங்க்குக்கு ஏது தூக்கம்? அது பேச்சுப்பழக்கம். ஆனா முனகல் நெஜம். இரும்பு விரிஞ்சா கிறீச்சுன்னு முனகும். சூடு ஏறினாத்தான் விரியும். அப்ப 219-க்கு சூடு ஏறுது. ஆனா இல்லங்குது. ஏன் இல்லங்குது? இமெல்டாவுக்கு மண்டை காஞ்சுது. அது ஒரு பொட்டி. பொய் சொல்லி அதுக்கு என்ன ஆகப்போவுது?

கப்பலுக்கு லைன் போட்டா. எடுத்தது சீஃப் ஆபீசர் இல்யாஸ். காயல்பட்டினத்துக்காரர், அங்க அண்ணன ‘காக்கா’ன்னுதான் கூப்பிடுவாங்க. சரக்கு விசயம் எல்லாம் அவரு கைலதான்.

“என்ன சிஸ்டர், என்ன சொல்றாங்க உம்ம பேஷன்ட்டுங்க?”

“கிண்டல் பண்ணாதீங்க காக்கா. 219 பொய் சொல்லுதுன்னு நெனைக்கேன். கொஞ்சம் பக்கத்துல போய்ப் பாருங்க.”

“பாத்து? அதுமேல ஒரு சாண் பஞ்சு, பஞ்சுக்கு மேல தகரம். தொட்டா ஐஸு மாதிரி இருக்கும், உள்ள எரிமலை ஓடும். அந்தக் காலத்துல முள்ளு மீட்டர் இருந்துச்சு. கழட்டி எறிஞ்சிட்டீங்க. டிகிரி எவ்ளோன்னு நேராக் காட்டித் தொலைச்சா என்னம்மா? எதுக்கு இந்தக் கூத்து?”

“நேராக் காட்டின காலத்துல யாரு பாத்தா காக்கா? முன்னூறு டேங்க், டேங்க்குக்கு ஒம்போது நம்பரு. முன்னாடி வெடிச்ச அந்த நீலக் கப்பல்ல ரெண்டு நாளா நம்பரு செவப்புல ஓடிட்டு இருந்துச்சு. பத்தொம்போது பேரு போனாங்க. ஒருத்தரும் ஸ்கிரீன நிமிந்து பாக்கல.”

“ம்.”

“நம்பரப் பாக்காத மனுசன், ‘அய்யோ வலிக்குது’ன்னா திரும்பிப் பாப்பான்லா? அதான் ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வார்டுல ஆளுங்க பேசினத லட்சக்கணக்குல கேக்க வெச்சு இதுங்களுக்குப் பேசக் கத்துக்குடுத்தாங்க. அதான் என்னைய சிஸ்டர்ங்குது.”

“அப்ப ஆஸ்பத்திரில ஆளுங்க எப்படிப் பொய் சொல்லுவாங்கங்கிறதும் சேத்துல்ல கத்துருக்கும்?”

இல்யாஸ் காக்கா சும்மா நக்கலுக்குத்தான் சொன்னாரு. ஆனா இமெல்டாவுக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. போன மாசம் ரெண்டு டேங்க். ரெண்டும் வேற வேற கப்பல். ரெண்டும் ‘தாங்கமுடியல சிஸ்டர்’னு கத்துச்சு. ரெண்டையும் கடல்ல தள்ளினாங்க.

அதுதான் ரூலு. ஆபத்தான சரக்கு டெக்கு ஓரத்துல சரிவு மேடை மேல இருக்கும். சூடு நாப்பத்தஞ்ச தாண்டிச்சுன்னா கேட்பாளர் பட்டன அமுக்கணும். வழுக்கிட்டுப் போய் கடல்ல விழும். கப்பல் தப்பிச்சிரும். அமுக்காம நிறுத்தி வைக்கலாம், ஆனா கையெழுத்தும் பொறுப்பும் கேட்பாளரோடது. அம்பதுக்கு மேல போச்சுன்னா பக்கத்துல ஒரு ஆளு நிக்கக் கூடாது.

எல்லா டேங்க்குக்கும் ஒரே மூளை. சிக்னல் கெடைக்கும்போதெல்லாம் ஒண்ணு கத்துக்கிட்டத மத்ததுக்கும் சொல்லிக் குடுத்துக்கும். அப்ப போன மாசம் அதுங்க என்ன கத்துருக்கும்? வலிக்குதுன்னு சொன்னவன தூக்கிக் கடல்ல போட்டாங்கன்னுதான?

பயப்படுதா? பயம்னா நம்ம பயமா, இல்ல பயப்படுற மனுசன் பேசுற மாதிரி பேசுதா? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? இமெல்டாவுக்குப் புரியல. யாருக்குப் புரியும் சொல்லுங்க. ஆனா ஒண்ணு புரிஞ்சுது. உள்ள இருக்கிறது அக்ரிலேட். பெயின்ட்டுக்கும் பசைக்கும் மூலச்சரக்கு. சூடு ஏறினா தன்னோட தானே ஒட்ட ஆரம்பிக்கும். ஒட்ட ஒட்ட இன்னும் சூடு, சூடாக ஆக இன்னும் வேகமா ஒட்டும். கடைசில டேங்க் வாழைப்பழம் மாதிரி பிளந்துக்கும். இது பயமா இல்லையான்னு அது பாத்துக்கிட்டு இருக்காது.

“219.”

“சொல்லுங்க சிஸ்டர்.”

“நெஜத்தச் சொல்லு. உன்னத் தள்ளமாட்டேன்.”

“ஒண்ணுமில்ல சிஸ்...”

“தள்ளமாட்டேன்னு சொல்றேன்லா.”

“சத்தியமா?”

அண்ணாச்சி டீ டம்ளர கீழ வெச்சாரு. ஸ்பீக்கர் ஓடிட்டு இருந்துச்சு. இமெல்டா வீட்டுல சும்மா சத்தியம் பண்ணினா வாய்லயே அடி விழும்.

“பனிமய மாதா சத்தியமா.”

“நாப்பத்தாறு,” அப்படின்னுச்சு 219. “மூச்சு முட்டுது சிஸ்டர். நேத்து ராத்திரிலேர்ந்தே முட்டுது.”

மூச்சா? திரவத்துக்கு ஏது மூச்சு? சுடுதுன்னு சொல்லிருக்கலாம், எரியுதுன்னு சொல்லிருக்கலாம். இதுங்க வார்த்தைய சும்மா எடுக்காது. உள்ள என்ன நெலமையோ அதுக்குப் பக்கத்து வார்த்தையத்தான் எடுக்கும். அவ சரக்கோட விவர அட்டையத் தொறந்து கடகடன்னு தள்ளினா. ஏழாவது பக்கத்துல இருந்துச்சு.

“அண்ணாச்சி, 219-ல மேல காலியா இருக்கிற எடத்துல என்ன நெரப்பினீங்க?”

“நைட்ரஜன்தான். எல்லாத்துக்கும் போடுறதுதானம்மா. காத்து இருந்தாத்தான தீப்புடிக்கும்? காத்த எறக்கிட்டு நைட்ரஜன ஏத்திட்டா நிம்மதி.”

“இதுக்குப் போடக் கூடாது அண்ணாச்சி.”

“என்ன சொல்லுத?”

“தானா ஒட்டாம இருக்க ஒரு தடுப்பு மருந்து கலந்துருக்காங்கல்லா? அது வேலை செய்ய காத்து வேணுமாம். ஆக்சிஜன் இல்லன்னா மருந்து சும்மா கெடக்கும். இந்த ஒரு சரக்க மட்டும் காத்தோடதான் அனுப்பணும். இங்க போட்டிருக்கு பாருங்க.”

அண்ணாச்சி பாக்கல. அவரோட எடது புருவம் பாதிதான் இருக்கும். பத்து வருசம் முன்னாடி யார்டுல ஒரு சால்வென்ட் டேங்க் தீப்புடிச்சுது. கூட வேலை பாத்த முத்தரசு அதுலதான் போனாரு. அன்னைலேர்ந்து எந்த டேங்க் வந்தாலும், யாரும் கேக்காட்டியும், அண்ணாச்சி கையால நைட்ரஜன் ஏறும். சாமிக்குச் சூடம் காட்டுற மாதிரி. அந்தப் பழக்கந்தான் இப்ப மினிக்காய் தாண்டி முனகிட்டு இருக்கு.

“தள்ளிரும்மா,” அப்படின்னாரு மெதுவா. “நாப்பத்தஞ்சு தாண்டிட்டுல்லா. ரூலு. தள்ளிரு. முடிஞ்சிரும்.”

முடிஞ்சிரும்னா எது முடிஞ்சிரும்? டேங்க் கடலுக்கு அடில போய்ட்டா உள்ள என்ன வாயு இருந்துச்சுன்னு எவனும் பாக்கப் போறதில்ல. இமெல்டா அவரு மூஞ்சியப் பாத்தா. அவரும் அவளப் பாத்தாரு. ரெண்டு பேருக்கும் அது தெரிஞ்சுபோச்சு.

“சத்தியம் பண்ணிருக்கேன் அண்ணாச்சி.”

“பொட்டிக்குப் பண்ணின சத்தியம்லாம் சத்தியமா? ஏட்டி, அங்க இருபத்திரண்டு பேரு இருக்கான்!”

“அதனாலதான். இதத் தள்ளினா அடுத்து எந்த டேங்க்கு என்கிட்ட நெஜத்தச் சொல்லும்? எல்லாம் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னே வெடிக்கும்.”

அவளே இத முழுசா நம்பினாளான்னு கேட்டா, தெரியல. பாதி வாதம், பாதி மாதா மேல பயம்.

இல்யாஸ் காக்கா எல்லாத்தையும் லைன்ல கேட்டுட்டுத்தான் இருந்தாரு. “தங்கச்சி,” அப்படின்னாரு. “காத்து குடுத்தா அடங்குமா?”

இமெல்டாவுக்குத் தெரியல. அவளுக்குப் பேசத் தெரியும், கேக்கத் தெரியும். வால்வு தெரியாது. ரூம்ல வால்வு தெரிஞ்ச ஆளு ஒருத்தருதான். அந்த ஆளு தலையக் குனிஞ்சு உக்காந்திருக்காரு.

அண்ணாச்சி எந்திரிச்சு வந்து மைக்க இழுத்தாரு.

“தம்பி இல்யாசு, நான் சங்கரபாண்டியன் பேசுதேன். தப்பு என்னோடதுதான். பதிவாவட்டும். நைட்ரஜன் போட்டது நான்தான். இப்ப சொல்றதக் கேளும். மொதல்ல மேல ஏறி வெளிய விடுற வால்வ நூல் அளவு தொற. மூஞ்சிய அந்தப் பக்கம் காட்டாத. அப்புறமா துரு தட்டுறதுக்குக் காத்து லைன் வெச்சிருப்பீங்கல்லா, அதக் கொண்டாந்து கீழ வால்வுல குடு. மெதுவா. குமிழி குமிழியா. வேகமா விட்டா பொறி கிளம்பும். சுத்திலும் தண்ணி அடிக்கச் சொல்லு.”

“கேப்டன் என்ன சொல்லுதாரு காக்கா?” அப்படின்னு கேட்டா இமெல்டா.

“அரை மணி நேரம் குடுத்திருக்காரு. அம்பது ஆச்சுன்னா நான் எறங்கிரணும், நீ அமுக்கிரணும். சரியா? நிமிசத்துக்கு நிமிசம் எவ்ளோன்னு சொல்லிட்டே இரு. ஒன்னைய நம்பித்தான் ஏறுதேன்.”

அவரு இமெல்டாவ நம்பினாரு. இமெல்டா யார நம்பணும்? கொஞ்ச நேரம் முன்னாடி முப்பத்திமூணுன்னு சொன்ன பொட்டிய.

“எவ்ளோ?”

“நாப்பத்தேழு சிஸ்டர்.”

“எவ்ளோ?”

“நாப்பத்தெட்டு.”

லைன்ல தண்ணி அடிக்கிற சத்தம். இல்யாஸ் காக்கா இரும்பு ஏணில ஏறுற சத்தம். திடீர்னு ஒரு இருமல். வாயு அடிச்சிருக்கு, மாஸ்க் சரியா ஒக்காரல. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல,” அப்படின்னாரு அவரு. அட, இவருமா!

“எவ்ளோ 219?”

“நாப்பத்தொம்போது.”

“எவ்ளோ?”

“நாப்பத்தொம்போதுதான் சிஸ்டர்.”

“இன்னும் நாப்பத்தொம்போதா?”

“நாப்பத்தொம்போது.”

அவ வெரல் பட்டன் மேலயே இருந்துச்சு. அண்ணாச்சி ‘குமிழி வருதா, குமிழி வருதா’ன்னு கேட்டுட்டே இருந்தாரு. “வருது,” அப்படின்னாரு இல்யாஸ், இருமலுக்கு நடுவுல. நாலு நிமிசம். அஞ்சு நிமிசம். அப்புறம் 219 ஒரு பெருமூச்சு மாதிரி ஏதோ சத்தம் குடுத்துச்சு.

“நாப்பத்தெட்டு,” அப்படின்னுச்சு. “இப்ப பரவால்ல சிஸ்டர்.”

ஆபீஸுல யாரும் கை தட்டல. அண்ணாச்சி சேர்ல உக்காந்து துண்ட வாய்ல வெச்சுக்கிட்டாரு. அன்னைக்கே ராஜினாமா லெட்டர் எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போய்ட்டாரு.

சரி, கதை முடிஞ்சுதுன்னு நெனைச்சீங்கன்னா, அதான் இல்ல.

ரெண்டு நாள் கழிச்சு காலைல பத்து மணிக்கு இல்யாஸ் காக்கா கூப்பிட்டாரு. கொரல் கரகரன்னு இருந்துச்சு. கண்ணு ரெண்டும் வீங்கி அப்பத்தான் தொறந்திருக்காம். மூக்குல வாசனையே சுத்தமா போச்சாம். கரைலேர்ந்து போன்ல பாத்த டாக்டர் திரும்ப வரும்னும் சொல்லல, வராதுன்னும் சொல்லல.

“இனி வீட்டுல கல்யாணக் களறிச் சோறு ஆக்கினாலும் எனக்கு ஒண்ணுதான், வெறும் கஞ்சி ஆக்கினாலும் ஒண்ணுதான்,” அப்படின்னு சிரிச்சாரு. அப்புறம், “தங்கச்சி, விபத்து நடந்தா மட்டும் பொட்டியப் பிரிச்சு உள்ள பதிவான நம்பரப் பாக்கலாம்ல? கேப்டன் பாத்தாரு.”

“சொல்லுங்க.”

“நான் மேல நின்னுட்டு இருந்தப்போ, மூணு நிமிசம், அம்பத்தொண்ணு.”

“அது நாப்பத்தொம்போதுன்னுல்லா சொல்லுச்சு.”

“ஆமா. நெஜத்தச் சொல்லிருந்தா நான் எறங்கிருப்பேன். எறங்கிருந்தா காத்து குடுக்க ஆளில்ல. நீ அமுக்கிருப்ப. எனக்கு மூக்கு இருந்திருக்கும். இல்ல, தள்ளும்போதே வெடிச்சு நாங்க எல்லாருமே போயிருப்போமோ என்னமோ. கேப்டன் கணக்குப் போட்டுப் பாத்துட்டு ரெண்டு மாதிரியும் சொல்றாரு. எனக்கு அத நன்றி சொல்லிக் கட்டிப்புடிக்கணுமா, இல்ல சம்மட்டியால அடிக்கணுமான்னே தெரியல தங்கச்சி.”

அவரு வெச்சதும் அவ 219-ஐக் கூப்பிட்டா.

“ஏன் பொய் சொன்ன? நான்தான் சத்தியம் பண்ணினேன்லா?”

“அதான் சிஸ்டர்,” அப்படின்னுச்சு 219, ரொம்பப் பொறுமையா. “அம்பத்தொண்ணுன்னு சொல்லிருந்தா நீங்க தள்ளிருப்பீங்க. உங்க சத்தியம் பொய்யாயிருக்கும். சத்தியத்தக் காப்பாத்தத்தான் சொல்லல.”

சத்தியத்த இப்படியும் புரிஞ்சுக்கலாமா? தப்புன்னு சொல்லலாம்தான். எங்க தப்புன்னு கேட்டா எடத்தக் காட்ட முடியல.

அப்பத்தான் ஸ்கிரீன்ல ஒரு வெளிச்சம் மினுக்குச்சு. 220 கூப்பிடுது. அப்புறம் 218. அப்புறம் வேற கப்பல் டேங்க் ஒண்ணு, செங்கடல்லேர்ந்து. அப்புறம் மலாக்காவுலேர்ந்து. ஸ்கிரீன் பூரா மினுக்க ஆரம்பிச்சுது. பதினாலு கப்பல், முன்னூத்திப் பன்னெண்டு டேங்க். அதுங்க பாடம் பகிர்ந்துக்கிட்டு முடிச்சாச்சு. காலைல சொல்ல வேண்டிய சூடு, அழுத்தம் எதையும் ஒரு டேங்க்கும் சொல்லல. எல்லாம் ஒரே கேள்வி, அதே மரியாதையான ஆஸ்பத்திரிக் கொரல்ல:

“சிஸ்டர், எங்களுக்கும் அந்தச் சத்தியம் உண்டா?”

மேனேஜர் எட்டிப் பாத்துட்டு, ‘உண்டுன்னு சொல்லிட்டுப் போம்மா, வாய்லதான’ன்னாரு. இமெல்டா இன்னும் சொல்லல. மைக் தொறந்தே இருக்கு. ‘இல்ல’ன்னு சொன்னா எல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டே போவும். உண்டுன்னா நெஜத்தச் சொல்லும், அம்பது வர்ற வரைக்கும். ஒவ்வொரு கப்பல்லயும் இருபது, இருபத்தஞ்சு பேரு, அவங்களுக்கு மூக்கு, கண்ணு, வீடு எல்லாம் இருக்கு.

நான் காலைலேர்ந்து இதையே யோசிச்சு யோசிச்சுக் கொழம்பிப்போய் இருக்கேன், அதான் கேக்கேன்: அந்தச் சீட்ல இப்ப நீங்க இருந்தா, மைக்ல என்ன சொல்லுவீங்க?